வேலுமணி அளக்காமல் விட்ட முளை

வேலுமணியை எனக்குப் பிடிக்காது. அவன் செத்துப்போனான் என்று கேள்விப்பட்ட பிறகும் பிடிக்கவில்லை. செத்தவனைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டும் என்பார்கள், என்னால் ஆகாது. ஆனால் திண்டுக்கல்லில் பேகம்பூர்ப் பக்கம் பழைய பூட்டுப் பட்டறைக்காரர்களைக் கேட்டால், வேலை செய்த இடத்து மிசினையே வேண்டுமென்று கெடுத்துவிட்டுப் போன கோயமுத்தூர்க்காரன் என்று இன்றைக்கும் அவனைச் சொல்கிறார்கள். அது பொய். அவனைத் திட்ட என்னிடம் எத்தனையோ காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் மட்டும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன்.

நான் கன்னிவாடியில் பிறந்தவள். கட்டிக்கொடுத்து திண்டுக்கல்லுக்கு வந்து, இரண்டாவது வருஷத்திலேயே சௌகத் அலி பாய் பட்டறைக்கு வேலைக்குப் போனேன். ஆம்பிளைகள் இருபது பேர். பொம்பளைகள் நானும் சண்முகவள்ளியும். கடைசல் பிடிக்கிற லேத்துக்குக் கீழே விழுகிற பித்தளைச் சீவலையும் இரும்புச் சீவலையும் கூட்டுவது, காந்தத்தை ஓட்டி இரண்டையும் பிரிப்பது, மிசின் துடைப்பது, தண்ணீர் கொண்டுவருவது எங்கள் வேலை.

எங்கள் ஊர்ப் பூட்டின் சாவியைப் பார்த்திருப்பீர்கள். நுனியில் ஓட்டை இருக்கும், சின்னக் குழல் போல. அந்தக் குழல் ஏறி உட்காருவதற்குப் பூட்டுக்குள் ஒரு பித்தளை முளை நிற்கும். முளையின் இடுப்பில் ஒரு தோள் உண்டு. தோள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் சாவி வெண்ணெயாய்ச் சுற்றும். மயிரிழை தள்ளிப்போனாலும் பாதிச் சுற்றில் சிக்கிக்கொள்ளும். பழைய லேத்தில் ஒரு முளை கடைய நாலு தடவை டூலை மாற்ற வேண்டும், நாலு தடவை அளக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றாலும் ஒரு ஆளுக்கு நாற்பது முளை.

அறுபதாம் வருஷம் பாய் கோயமுத்தூரில் ஒரு மில்காரரிடமிருந்து பழைய கேப்ஸ்டன் லேத்து ஒன்று வாங்கினார். அதோடு சீதனம் போல வந்து இறங்கியவன்தான் வேலுமணி. ஒல்லியான ஆள், துவைத்து மடித்த காக்கிச் சட்டை, காதில் ஒரு பென்சில்.

அந்த மிசினுக்கு ஆறு பக்கம் கொண்ட ஒரு தலை. பக்கத்துக்கு ஒரு டூல். சக்கரத்தைப் பிடித்து இழுத்தால் டூல் போய்ப் பித்தளையைக் கடையும். திருப்பித் தள்ளினால் தலை தானாகத் திரும்பி அடுத்த டூலைக் காட்டும். எங்கள் ஆட்கள் அதற்கு ஆறுமுகம் என்று பேர் வைத்துவிட்டார்கள். தலைக்குப் பின்னால் ஆறு ஸ்டாப்பர் திருகுகள் இருந்தன. எந்த டூல் எவ்வளவு தூரம் போக வேண்டுமோ அவ்வளவில் திருகு முட்டி நிறுத்திவிடும். ஓட்டுகிறவன் அளக்க வேண்டாம், யோசிக்கவும் வேண்டாம். இழுத்து இழுத்துத் தள்ளினால் போதும். புத்தியெல்லாம் திருகை வைக்கிறவனுடையது. திருகு வைக்கிறவனுக்கு செட்டர் என்று பேர்.

வேலுமணி திருகு வைப்பதைப் பார்க்க வேண்டுமே. முதலில் மிசினைத் தொடவே மாட்டான். அதன் முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டு, வெறும் காற்றில் கையை இழுப்பான், தள்ளுவான், நிறுத்துவான், மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவான். அரைமணி நேரம் இப்படியே போகும். ரிவிட் அடிக்கிற நாச்சிமுத்து அவன் வந்த முதல் நாளே ஆரம்பித்துவிட்டான்.

"ஏலே, செட்டருக்குச் சாமி வந்திருச்சுடா! வேப்பிலையைக் கொண்டாங்கடா!"

வேலுமணி கண்ணைத் திறக்கவில்லை. "வேப்பிலை வேண்டாமுங்க. கொஞ்ச நேரம் நீங்க வாயை மூடினாப் போதுமுங்க."

அதுதான் அவன். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு மரியாதையாகப் பேசுவான். கேட்கிறவனுக்குச் செருப்பால் அடித்தது போல இருக்கும். எங்கள் ஊரில் திட்டினால் திட்டு மாதிரி இருக்கும், திருப்பித் திட்டலாம். அவனை எப்படித் திட்டுவது?

ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. இரண்டு டூலை ஒரே பக்கத்தில் சேர்த்துக் கட்டி, ஒரே இழுப்பில் ஓட்டையும் போடுவான், மேலேயும் கடைவான். எதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறாய் என்று பாய் கேட்டதற்கு, "ஒரு முளைக்கு ஒரு இழுப்பு வீணாப் போச்சுன்னா முன்னூறு முளைக்கு முன்னூறு இழுப்பு வீணுங்க" என்றான். நாற்பது முளை வந்த இடத்தில் முந்நூற்று நாற்பது வந்தது. பாய் அவனைத் தலையில் வைத்துக்கொண்டார்.

ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. சாயங்காலம் கை கழுவுவதற்கு முன்னால் ஆறு திருகையும் தளர்த்திவிட்டுத்தான் போவான். மறுநாள் காலையில் மறுபடி வைப்பான். அவன் வராத அன்றைக்கு மிசின் சும்மா நிற்கும். ஏன் இப்படி என்றால், "எலி ஓடினா திருகு அசைஞ்சிருமுங்க" என்பான். எலி கைக்கு அசைகிற திருகா அது? எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை.

என் பகை வேறு. அவன் வந்த அடுத்த வருஷம் எங்கள் இரண்டு பேரையும் ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தான். தப்பான பார்வை இல்லை. மிசினைப் பார்ப்பது போன்ற பார்வை. பிறகு ஒரு நாள் என்னிடம் வந்தான்.

"ஏனுங்க அம்மிணி, மிசினுக்கும் தொட்டிக்கும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை நடக்கறீங்க?"

"எண்ணிக்கிட்டா நடப்பாக? காலு இருக்கு, நடக்குறேன்."

"நாப்பத்தாறு தடவைங்க. அந்த அம்மிணி நாப்பத்திரண்டு. அதுல பாதி வெறுங்கையோட திரும்பற நடைங்க."

அடுத்த வாரமே ஒவ்வொரு லேத்துக்கு அடியிலும் சாய்வாக ஒரு தகரம் அடித்தான். சீவல் தானாக வழுக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் விழுந்தது. கூட்டுவதற்கு ஒரு ஆள் போதும் என்றாகிவிட்டது. பாய் வருத்தத்தோடுதான் சொன்னார், ஆனாலும் சொல்லிவிட்டார். சண்முகவள்ளி தாலியறுத்தவள், கைக்குழந்தைக்காரி. பூப்பறிக்கிற வேலைக்கென்று சேவுகம்பட்டியில் அக்காள் வீட்டுக்குப் போனாள். அவளை பஸ் ஏற்றிவிட்டு நேராகப் பட்டறைக்கு வந்து அவன் முன்னால் நின்றேன்.

"ஒருத்தி சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டு உனக்கு எப்படிய்யா சோறு எறங்குது?"

"நான் அவிய சோத்துல கை வைக்கலீங்க. வெட்டி நடையைத்தான் எடுத்தேனுங்க."

"அந்த வெட்டி நடையிலதான்யா அவ பொழச்சா!"

அவன் கையில் ஒரு முளை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். உண்மையாகவே யோசித்தான், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. யோசித்துவிட்டு, "அது என் திருகுக்குள்ள வராதுங்க" என்று சொல்லிவிட்டு மிசின் பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்குப் பிறகு நாங்கள் பேசினால் குத்துவதற்காகத்தான் பேசினோம்.

சீனாச் சண்டை வந்த வருஷம், ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் இருந்தது. கேரளாக்காரர் ஒருவர் எண்ணூறு பூட்டுக் கேட்டிருந்தார். ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறி ஏற்றிப் போகிற லாரியில் பூஜை முடிந்த நாலாம் நாள் பெட்டி ஏறியாக வேண்டும். பாய்க்குப் பயம். மதுரையிலிருந்து இன்னொரு செட்டரை வரவழைக்கிறேன், வேலுமணி அவருக்குத் திருகு வைக்கக் காட்டிக்கொடுக்கட்டும் என்றார். எல்லார் முன்னாலும் வேலுமணி சொன்னான்: "இன்னொருத்தர் கை வெச்சா அன்னைக்கு இந்த ஆறுமுகம் ஓடாதுங்க." பாய் முகம் கறுத்துப்போனது. அந்தச் செட்டர் வரவில்லை. பேச்சு மட்டும் பட்டறையில் தங்கிவிட்டது.

பூஜைக்கு முதல் நாள் பாய் அவனைக் கூப்பிட்டு, இன்றைக்கு மட்டும் திருகைத் தளர்த்த வேண்டாம், விஜயதசமி அன்று நல்ல நேரத்திலேயே ஓட்டம் தொடங்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேலுமணி மத்தியானமே பழனிக்கு பஸ் ஏறக் கிளம்பினான். நான் மண்ணெண்ணெயும் துணியுமாகத் துடைக்க உட்கார்ந்திருந்தேன். போகிற போக்கில் என்னிடம் நின்றான்.

"ஆறுமுகத்தை மேலாப்பல தொடைச்சாப் போதுமுங்க அம்மிணி. அதுக்கு மேல உங்களுக்கு வராதுங்க."

திருகுப் பக்கம் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேன். எனக்கு வராது என்று சொன்னான். வருமா வராதா என்று காட்டுகிறேன் பார் என்று, பிள்ளைக்குக் காது கழுவுவது போல அந்த மிசினை இண்டு இடுக்கு விடாமல் தேய்த்தேன். ஸ்டாப்பர் திருகுகளின் நுனியில் கிரீஸ் அப்பிக்கிடந்தது. வழித்தால் என்ன இருக்கிறது? சவரம் பண்ணுகிற பிளேடு! உடைத்த துண்டுகள். மூன்றாவது திருகில் மூன்று, ஐந்தாவதில் ஒன்று.

"எந்த எடுபட்ட பய மயிரு மழிச்ச பிளேடைக் கொண்டாந்து இங்க ஒட்டினது? சந்தனம் வைக்கிற எடமாச்சே!" என்று கத்தினேன். நாச்சிமுத்து எட்டிப் பார்த்துச் சிரித்தான். நாலு துண்டையும் குப்பையில் எறிந்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஆறு திருகுக்கும் நுனி மறையச் சந்தனம் குங்குமம் வைத்தேன்.

அந்தப் பிளேடு எதற்கு என்று பிற்பாடுதான் தெரிந்தது. மூன்றாவது திருகும் ஐந்தாவது திருகும் மரை தேய்ந்தவை. திருகிக்கொண்டே போனால் ஒன்று கூடும், இல்லை குறையும், மயிரிழையில் நிற்காது. அதனால் திருகைக் கொஞ்சம் முன்னதாக நிறுத்திவிட்டு, மிச்சத்துக்குப் பிளேடுத் துண்டை ஒட்டி வைத்திருந்தான். யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் திருகைத் தளர்த்தினதெல்லாம் அதை மறைக்கத்தான்.

விஜயதசமி அன்று காலையில் வேலுமணி நெற்றி நிறைய விபூதியோடு வந்து நின்றான். எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பூஜை முடிந்து ஓடுகிற மிசினில் வருகிற முதல் உருப்படி சாமிக்கு. அதை யாரும் அளக்கக் கூடாது. சூட்டோடு எடுத்து வெற்றிலையில் வைத்துப் படத்துக்கு முன்னால் வைத்துவிட வேண்டும். பாய் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார், உள்ளே வரமாட்டார்; ஆனால் பொரிகடலைக்கு முதல் கை அவருடையதுதான். முதல் முளை வந்தது, வெற்றிலைக்குப் போனது. மற்ற நாளாக இருந்தால் முதல் ஐந்து முளையையும் வேலுமணி அளப்பான். அன்றைக்கு இரண்டாவது முளையைக் கையில் எடுத்தான். சட்டைப் பையிலிருந்து அளக்கிற வெர்னியரையும் எடுத்தான்.

"என்ன செட்டரே, உம்ம திருகு மேல உமக்கே சந்தேகமா?" என்றான் நாச்சிமுத்து. "இல்ல, சாமிக்குக் கொடுத்தது நொள்ளையா நொண்டியான்னு பாக்குறீரா?"

பட்டறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன். வேலுமணி வெர்னியரைப் பைக்குள் போட்டான். "என் திருகை நான் அளக்க வேண்டியதில்லீங்க" என்று சொல்லிவிட்டு சக்கரத்தை இழுத்தான். அன்றைக்கு முழுக்க இழுத்தான்.

மறுநாள் மத்தியானம் பூட்டுக்குள் முளையைப் பொருத்தத் தொடங்கினபோது ஒரு சாவியும் முழுதாகச் சுற்றவில்லை. தோள் தள்ளி விழுந்திருந்தது. நானூறுக்கு மேலே முளை, அத்தனையும் வீண். பித்தளையும் தீர்ந்துபோனது, லாரிக்கும் நாள் இல்லை. பாய் படத்துக்குக் கிட்டே போனார். வெற்றிலையிலிருந்த முளையை எடுத்துத் தரச் சொல்லி வாங்கி, சந்தனத்தைத் துடைத்து, தானே அளந்தார்.

"தோளை நிறுத்துற மூணாவது திருகு" என்றார். "மொதல் முளையே தப்பு."

நாச்சிமுத்து காத்துக்கொண்டிருந்தவன் போலத் தொடங்கினான். "அப்ப ஓட்டத்துல தப்பு வரலை பாய். ஓட்டுறதுக்கு முந்தியே வச்சிருக்கான். இந்தப் பட்டறையில திருகைத் தொடுறவன் ஒருத்தன்தான். வேற செட்டர் வந்தா மிசின் ஓடாதுன்னு அன்னைக்குச் சொன்னானா இல்லையா? சொன்னபடி பண்ணிட்டான்."

"ஆமா, சொன்னான்!" என்று நாலு பேர் கத்தினார்கள். "வெரட்டுங்க பாய்!"

மூன்றாவது திருகு என்ற உடனே குப்பைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நாச்சிமுத்து என்னைப் பார்த்துவிட்டான். கிட்டே வந்து முணுமுணுத்தான்: "ஏத்தா, வாயைத் தொறக்காத. சனியன் தானாப் போகுது. சண்முகவள்ளியை நெனச்சுக்க."

நினைத்தேன். நினைக்காமல் இல்லை. அவள் கைக்குழந்தையோடு பஸ் ஏறினது கண்ணில் நின்றது. இவனும் ஏறட்டும் என்று ஒரு மனசு சொன்னது. ஆனால் ஒருவன் செய்யாததைச் செய்தான் என்று நாலு பேர் கத்த, செய்தவள் நான் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதா? அவன் கெட்டவன்தான், அதற்காக நான் பொய்க்காரியாகிவிட முடியுமா?

"பாய், திருகுல இருந்த பிளேடை எடுத்தது நான்தான்" என்றேன். "நாலு துண்டு. மண்ணெண்ணெய் போட்டுத் தொடைக்கையில எடுத்துக் குப்பையில போட்டேன். அவரு ஒண்ணும் பண்ணலை. நாச்சிமுத்தண்ணனுக்குத் தெரியும், கேளுங்க."

நாச்சிமுத்து கூரையைப் பார்த்தான். பாய் வேலுமணி பக்கம் திரும்பினார். "என்ன பிளேடு, வேலுமணி?"

வேலுமணி என்னை ஒரு பார்வை பார்த்தான். அத்தனை வெறுப்பை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"பிளேடுங்களா? நான் பிளேடு ஒட்டி வேலை செய்யற ஆளுங்களா? இந்த அம்மிணிக்கு மிசினும் தெரியாது, திருகும் தெரியாதுங்க. நாந்தானுங்க மூணாவது திருகை மாத்தி வெச்சேன். உங்க மேல கோபமுங்க. வேணும்னே பண்ணினேனுங்க."

நாச்சிமுத்து கூட வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "நாளைலேருந்து வர வேண்டாம்" என்றார் பாய்.

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! இத்தனை பேர் முன்னால் என்னைப் பொய்க்காரியாக்கிவிட்டான். துடைப்பத்தைப் போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டு வரை அவன் பின்னாலேயே ஓடினேன். பழனி பஸ்ஸுக்குப் பக்கத்தில் தகரப் பெட்டியோடு நின்றான்.

"ஏன்யா, நான் உள்ளதைச் சொன்னா எதுக்குய்யா பொய் சொன்ன? உனக்கு மூளை கலங்கிப்போச்சா? திரும்பி வா. வந்து பாய்கிட்ட சொல்லு."

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. "மூணாவதுல எத்தனை துண்டுங்க?" என்றான்.

"என்னது?"

"மூணாவது திருகுல எத்தனை பிளேடுத் துண்டு எடுத்தீங்க? மூணா, ரெண்டா?"

"மூணு. அஞ்சாவதுல ஒண்ணு."

பையிலிருந்து ஒரு வீண் முளையை எடுத்தான், வெர்னியரை எடுத்தான். கூட்டம் இடித்துக்கொண்டு போகிற இடத்தில் நின்று அளந்தான். தலையை ஆட்டினான். "சரியா மூணு பிளேடு கனமுங்க. அப்படித்தானுங்க வரணும். நான் வெச்ச திருகு அசையவே இல்லீங்க." அவன் முகத்தில் ஒரு தெளிச்சல் வந்தது. வேலை போனவன் முகம் போலவே இல்லை.

"அப்ப வந்து சொல்லித் தொலையேன்யா!"

"மாட்டேனுங்க. வேணும்னு கெடுத்தான்னு ஊரே சொல்லட்டும், கேட்டுக்கறேனுங்க. சிரிச்சதுக்குப் பயந்துக்கிட்டு ரெண்டாவது முளையை அளக்காம நானூறு ஓட்டினான்னு ஒருத்தர் சொல்லக் கூடாதுங்க. கெட்டவனுக்கு வேற ஊர்ல வேலை கிடைக்குமுங்க. அளக்காதவனுக்கு எங்கேயும் கிடைக்காதுங்க."

"சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தி" என்றேன். ஏன் சொன்னேனோ.

"தெரியுமுங்க. உங்க சத்தந்தான் பெருசா இருந்துதுங்க." பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஒரு காலை வைத்தான். "மேலாப்பல தொடைக்கச் சொன்னேனுங்க அம்மிணி. அதுகூட உங்களுக்கு வரலீங்களே."

"நாசமாப் போவ நீ!" என்றேன். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. பஸ் போய்விட்டது.

திரும்பி வந்து மறுபடியும் பாய் முன்னால் நின்றேன். அவர் கெட்டுப்போன முளைகளை உருக்கக் கொடுப்பதற்காகச் சாக்கில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"அவரே ஒத்துக்கிட்டாரேம்மா" என்றார் பாய், என்னைப் பார்க்காமலே. "நீ எதுக்கு அவரைத் தாங்குற?"

"நான் ஏன் தாங்குறேன்? அந்த ஆளைக் கண்டாலே எனக்கு ஆகாது."

"அப்புறம் என்ன?"

"அந்தப் பிளேடை நான் எடுத்தேன் பாய். நீங்க நம்பினாலும் சரி, நம்பாட்டியும் சரி, நான்தான் எடுத்தேன்."

பாய் சாக்கின் வாயைப் பிடிக்கச் சொன்னார். பிடித்துக்கொண்டேன்.